மொட்டை வரிசை

அண்ணி என் கையைப் பிடித்துக் கத்தரியைக் கீழே இறக்கினாள்.

"இங்கே வெட்டு. இலையே இல்லாத இடத்துல. அப்பத்தான் அடியிலேர்ந்து புதர் கட்டும்."

ரோஸ்மேரித் தோட்டத்தில் அவள் பல வருடத்து ஆள். அண்ணன் வற்புறுத்தியதால்தான் என்னையும் கூட்டி வந்தாள். மேஸ்திரி ஒரு வரிசைச் செடியை என் பொறுப்பில் விட்டிருந்தார். கவாத்து செய்து அதைத் தழைக்க வைத்துவிட்டால் வேலை நிரந்தரம். தோட்டத்துக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைக்கும். கதவுள்ள அறை. புருஷன் விட்டுப் போனதிலிருந்து அண்ணன் வீட்டு அடுப்படியில் படுக்கிறவள் நான். கடைசியாகத் தூங்கி, முதலில் எழுந்து, வீட்டில் அத்தனை பேர் துணியையும் பாத்திரத்தையும் கழுவிவைத்துவிட்டு வேலைக்கு வருவேன். அந்த அறைக்கு என்ன பூட்டு வாங்கலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஒட்ட வெட்டினேன். ஊசி ஊசியான இலைகள் காலடியில் குவிந்தன. கையெல்லாம் வாசனை, தலைமுடியெல்லாம் வாசனை. சுற்றிலும் பச்சை நிற்க, என் வரிசை மட்டும் சாண் உயரக் கட்டைகளாக நின்றது.

"என்னடி, செடிக்கு மொட்டை போட்டுட்டியா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள்.

"துளிர் வருமா அண்ணி?"

"வராம எங்கே போகும்? தண்ணி ஊத்து. அவசரப்பட்டா பிள்ளை பொறந்துடுமா?"

ஊற்றினேன். குழாய் அந்த மூலைக்கு எட்டாது; வாளியில் சுமந்தேன். வேலை முடிந்ததும் குனிந்து ஒவ்வொரு கட்டையாகத் தடவிப் பார்ப்பேன். பட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன்.

மாதம் முடிந்து மேஸ்திரி வந்தார். ஒரு கட்டையை நகத்தால் கீறினார். உள்ளே பழுப்பு.

"இலை இருக்கிற இடத்துக்கு மேலேதானேம்மா வெட்டணும்? வெறுங்கட்டையில இது திரும்பத் துளிர்க்காது. போதாக்குறைக்கு இத்தனை தண்ணி வேற, வேர் அழுகிப் போச்சு. யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் தன் வரிசையில் குனிந்து, இலைக்கு மேலே, பார்த்துப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் மேஸ்திரி. இவ கேட்டாத்தானே," என்றாள், நிமிராமல்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்மா," என்றார் மேஸ்திரி. குரலை உயர்த்தவில்லை. அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அன்று பாத்திரம் கழுவும்போது தோளைத் தூக்க முடியவில்லை. அண்ணியே என்னை உட்காரவைத்தாள். ரோஸ்மேரி இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூடாகத் தோளில் தேய்த்தாள்.

"வாளி தூக்கித் தூக்கி இப்படி ஆயிட்டியே. போனா போகுது, விடு. இங்கே உனக்கென்ன குறை?"

"ஏன் அண்ணி அப்படிச் செஞ்சீங்க?"

தேய்த்த கை நிற்கவில்லை.

"நீ போயிட்டா இந்த வீட்டை யாரு பார்க்கிறது?"

கோபத்தில் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எந்த இடத்தில் வலிக்கிறது என்று அவள் பெருவிரலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கேயே வைத்து, மெதுவாக, அழுத்திச் சுற்றினாள். எண்ணெய் முதுகு வழியே இறங்கியது. நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.