இடது கிட்னியின் கடிதங்கள்

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை ஏழே காலுக்கு, மேனாம்பேட்டில் குடியிருக்கும் செங்கல்வராயன் உடம்பிலிருந்து கடுகளவு குமிழிகள் கிளம்ப ஆரம்பித்தன. சோப்பு நுரை என்று நினைத்து மூன்று தரம் குளித்தான். நாலாம் தரத்துக்குத் தொட்டியில் தண்ணீர் இல்லை, விட்டுவிட்டான். ஒவ்வொரு குமிழிக்குள்ளும் மடித்த துண்டுச்சீட்டு ஒன்று இருந்தது.

அவன் பெண்டாட்டி ஹேமாவதி அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டு செக்கிங் பார்க்கிறவள். பூதக்கண்ணாடி விளக்கடியில் போர்டைக் கவிழ்த்துப் பிடித்து, குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவது பதினோரு வருஷமாக அவள் வேலை. ஒரு குமிழியை டிபன் டப்பாவில் அடைத்துக்கொண்டுபோய் விளக்கடியில் வைத்துப் படித்தாள். "இடது கிட்னி எழுதுவது. இங்கே கொண்டைக்கடலை அளவில் கட்டி ஒன்று குடிவந்திருக்கிறது. ஈரலுக்கும் சொல்லிவிடவும்." கையெழுத்து அவளுடையதைவிட நன்றாக இருந்தது.

சாயங்காலம் அவனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் அம்பை ஒட்டினாள். கவிழ்த்த போர்டில் இடது வலதாகிவிடும். புருஷனும் கவிழ்ந்து கிடந்ததால், கை பழக்கத்தில் வலது பக்கமே ஒட்டிவிட்டது. ஸ்கேன் எடுத்தவர் அம்பு இருந்த பக்கம் மட்டும் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டார்கள். கை கழுவுவதற்குள் நாற்பது குமிழி ஒன்றாக வந்து நின்றன. நாற்பதிலும் ஒரே சேதி: "அந்தப் பக்கம் இல்லை. இதில் பிரியாணி வேறு."

"பதினோரு வருசம் செக்கிங் பண்ற, புருசனுக்கு இடது எது வலது எதுன்னு தெரியலியேடி," என்றான் செங்கல்வராயன்.

"உன்ன யாரு கவுந்து படுக்கச் சொன்னது?"

"நீதான் சொன்ன."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் சபீனா இடது பக்கம் பார்த்தபோது கட்டி நெல்லிக்காய் ஆகியிருந்தது. குமிழிகளை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எல்லார் உடம்புலயும் செல்லுங்க இப்படிப் பை பையா சேதி அனுப்பிக்கிட்டுதாம்மா இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியுது, அவ்ளோதான்," என்றாள். வெள்ளிக்கிழமை கிட்னியை எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள்.

அன்று புதன்கிழமை மத்தியானம், வேலையில் கையில் போர்டு இருக்கும்போதே, ஹேமாவதி உடம்பிலிருந்தும் குமிழிகள் கிளம்பின. ஜன்னல் வழியாக இறங்கி, சிக்னலில் நின்று, ரோட்டைத் தாண்டி மேனாம்பேட்டுக்குப் போய், செங்கல்வராயனின் இடது விலாவுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்தன. "கூசுதுடி, கூசுதுடி," என்று அவன் பாயில் புரண்டு சிரித்தான். அவளுடைய கிட்னி அவனுடைய கிட்னிக்குக் கட்டியைக் காலி பண்ணும் வழியை எழுதியிருந்தது. நடுவில் அவன் அள்ளித் தின்னும் ஊறுகாயைப் பற்றித் திட்டும் இருந்தது. மறுநாள் தெருவே அனுப்ப ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் ரெண்டு வருஷமாகப் பேசாத எதிர்வீட்டுக் கெங்கம்மாளிடமிருந்துகூட ஏழு வந்தன.

"நான் ஒண்ணும் பேச வர்ல. அதுங்களா பூடுச்சிங்க, நான் இன்னா பண்றது," என்றாள் கெங்கம்மாள்.

வெள்ளிக்கிழமை காலை, கத்தி வைப்பதற்கு முன்னால், சபீனா இன்னொரு தரம் ஸ்கேன் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள், சந்தேகத்துக்கு வலது பக்கமும் பார்த்தாள். கட்டி இல்லை. ஆபரேஷன் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

ரெண்டு கிட்னியோடும் செங்கல்வராயன் பஸ் ஏறினான். பின்னாலேயே ஹேமாவதி ஏறினாள், குமிழிகளும் ஏறின. கண்டக்டர் ரெண்டே டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஆவடி போகிறவர்கள் யார் என்று கேட்டபடி முன்னால் நகர்ந்தார்.