பெரிய ஊசி

பள்ளிக்கூட வேன் வரும் நேரம் நெருங்க நெருங்க மேரிசெல்விக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மகன் ஜெப்ரின் மூன்றாம் வகுப்பு. ஒரு வாய் இட்லியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் விழுங்கவும் மாட்டான், துப்பவும் மாட்டான். சின்னவள் ப்ரின்சி எல்.கே.ஜி. அண்ணன் செய்வதை அப்படியே செய்வாள். இருவரையும் அனுப்பிவிட்டு மேரிசெல்வியும் மந்தாரக்குப்பத்துக்கு பஸ் பிடிக்க வேண்டும், அங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அடித்து ஊட்டலாம் என்றால் பிள்ளை அழுவான். உள்ளறையில், நிலக்கரி மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவன் ஆனந்த்ராஜ் தூங்குகிறான். தூக்கம் கெட்டால் அவன் எழுந்து வந்து அடிக்கிற அடியே வேறு.

ஆகவே அவள் பிள்ளையை அழவைக்காத ஒரு வழி வைத்திருந்தாள். வாசலுக்கு வந்து மாடியைப் பார்ப்பாள்.

"ஸ்டெல்லாக்கா, இங்க ஒருத்தன் சாப்புட மாட்டேங்கறான். அந்தப் பெரிய ஊசிய எடுத்துக்கினு வாங்க."

மாடி குவார்ட்டர்ஸில் இருந்த ஸ்டெல்லா, வடலூர் ரோட்டில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படித்தாள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கட்டைவிரலால் காற்றில் ஊசியை அழுத்திக் காட்டுவாள். "தோ வரேன். ஒரு ஊசியா, ரெண்டு ஊசியா?" என்பாள். அடுத்த நொடி இட்லி உள்ளே போய்விடும். பெரியவர்கள் சிரிப்பார்கள்.

மேரிசெல்வி மட்டுமல்ல, அந்த வரிசையில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் ஸ்டெல்லா சிஸ்டர் ஓசியில் கிடைத்த பூச்சாண்டி. தூங்காத பிள்ளைக்கு, பாடம் எழுதாத பிள்ளைக்கு, பொய் சொன்ன பிள்ளைக்கு எல்லாம் ஒரே தண்டனை, பெரிய ஊசி. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் வீடுகளில் சொல்லாததையா அவர்கள் சொல்லிவிட்டார்கள்?

'தானே' புயல் அடித்து ஓய்ந்திருந்த வருஷம் அது. டவுன்ஷிப்பில் விழுந்த மரங்களில் பாதியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள், மீதி அங்கங்கே கிடந்தன. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் வேர்க்குழியில் தெருநாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. ஜெப்ரின் கன்னத்தில் ஒதுக்கியதுபோக மிச்ச இட்லியை டவுசர் பாக்கெட்டில் மறைத்து எடுத்துப் போனது அந்தக் குட்டிகளுக்குத்தான். அம்மாவுக்கு அது தெரியாது. அந்த வீட்டில் அப்பா வேலைக்குப் போனால் அம்மா வீட்டில், அம்மா பள்ளிக்கூடத்தில் இருந்தால் அப்பா தூக்கத்தில். பிள்ளை என்ன நினைக்கிறான் என்று உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை, இட்லி நீட்டிய கையை ஒரு குட்டி கடித்துவிட்டது. கொஞ்ச நாளாகவே அது ஒரு மாதிரியாக வாயில் எச்சில் ஒழுகக் கிடந்தது. மணிக்கட்டுக்குக் கீழே இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. ஜெப்ரின் அழவில்லை. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று வகுப்பில் பேசிக்கொண்டதுதான் அவனுக்கு முதலில் ஞாபகம் வந்தது. அந்தக் காலம் மலையேறி, இப்போதெல்லாம் கையில்தான் போடுகிறார்கள் என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

அம்மா கேட்டபோது, "காயிதப்பூச் செடியில முள்ளு கீறிடுச்சி" என்றான். அவள் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆனாலும் அவனுக்கு மனசு உறுத்தியது. மறுநாள் கோயிலுக்குப் போய் வந்த பிறகு மெல்ல மாடிப்படி ஏறினான். ஸ்டெல்லா ஆன்ட்டியிடம் மட்டும் சொல்லிவிடலாம், ஆன்ட்டி அடிக்க மாட்டார்கள் என்று நினைத்தான். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஸ்டெல்லா, கதவோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற பையனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னடா திருட்டு முழி முழிக்கிற? சாப்புடாம ஓடியாந்துட்டியா? இரு, உள்ள போயி பெரிய ஊசிய எடுத்துக்கினு வரேன்."

விளையாட்டுக்குத்தான் உள்ளே திரும்பினாள். அவள் மறுபடி திரும்பியபோது கதவோரம் பையன் இல்லை. "பயந்தாங்கொள்ளி" என்று செல்லமாகச் சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனாள். அந்தக் கதவுக்கு வெளியே ஒரு உயிர் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனது அவளுக்குத் தெரியவில்லை.

காயம் ஆறியது. குட்டிகளும் காணாமல் போயின. பள்ளிக்கூடம் முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டபோது ஜெப்ரினுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறிப்போன இடத்தைச் சொறிந்துகொண்டே இருந்தான். தண்ணீர் கொடுத்தால் தம்ளரைத் தள்ளிவிட்டான். ஆனந்த்ராஜுக்குத் தூக்கம் கெட்ட எரிச்சல்.

"நடிக்கிறான் பாரு. வாயத் தொறடா! இப்பக் குடிக்கலன்னா ஸ்டெல்லா ஆன்ட்டிகிட்ட இட்டுக்கினு போயி ஊசி போட்டுடுவேன்."

பையன் பயந்து தம்ளரைப் பிடித்தான். உதட்டருகே தண்ணீர் வந்ததும் தொண்டை இழுத்துக்கொண்டது. கண் செருகியது. அப்போதுதான் தகப்பனுக்கு இது நடிப்பில்லை என்று உறைத்தது.

ஸ்டெல்லா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார். அதைப் பார்த்ததுமே பையன் பின்னால் ஒதுங்கினான். அவர் முகம் மாறிவிட்டது. "நாய் எதாவது கடிச்சுதா?" என்று கேட்டார். பெற்றவர்கள் இல்லை என்றார்கள். ஜெப்ரினும் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினான்.

கையில் ஊசி ஏற்ற ட்ரேயோடு வந்தவள் ஸ்டெல்லா. அவளைப் பார்த்ததும் பையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, நான் இன்னிக்கி ஒரு தப்பும் பண்ணலியே ஆன்ட்டி."

எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போட்டவள், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் ட்ரேயைக் கொண்டுபோய் வெளியே வைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "நீ தப்பே பண்ணல கண்ணு. யாரும் உன்ன திட்டமாட்டாங்க. கையில என்ன ஆச்சின்னு ஆன்ட்டிகிட்ட சொல்லு" என்றாள்.

"குட்டி நாய் கடிச்சிடுச்சி. அன்னிக்கே சொல்லலாம்னு உங்க வூட்டுக்கு வந்தேன். நீங்க ஊசி எடுக்கப் போனீங்க. ஓடியாந்துட்டேன்."

மேரிசெல்வி மகனின் கையை இழுத்து, தான் மஞ்சள் பூசிய இடத்தைப் பார்த்தாள். டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெறிநாய்க்கடி நோய் தலைக்கேறிவிட்டால் அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. கடித்தவுடன் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி போட்டிருந்தால் பையன் பிழைத்திருப்பான். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வெள்ளைத்துணி போர்த்திய சின்னப் பெட்டியில் ஜெப்ரின் திரும்பி வந்தான்.

பையனின் எச்சில் பட்டிருக்கலாம் என்பதால் வீட்டில் எல்லோருமே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் புதுச்சேரியிலேயே போட்டுக்கொண்டார்கள். பக்கத்து ஊரான வடக்குத்தில் சித்தி வீட்டில் விட்டிருந்த ப்ரின்சியை, அடக்கம் முடிந்த கையோடு வடலூர் ரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள்.

ஊசி அறைக்குள் நுழைந்ததுமே அவள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். ஆனந்த்ராஜுக்குப் பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது. "அழாத! அழுதா இன்னொரு..." அதற்குமேல் சொல்ல முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

கையைப் பிடித்துக்கொள்ள ஆயாம்மா முன்னால் வந்தாள். ஸ்டெல்லா வேண்டாம் என்றாள். குழந்தையின் உயரத்துக்குத் தரையில் மண்டியிட்டாள்.

"நான் தப்பு பண்ணனா ஆன்ட்டி?" என்று விசும்பினாள் ப்ரின்சி.

"இல்லடா. தப்பு பண்ணதுக்காக யாரும் ஊசி போடமாட்டாங்க. நோவு வரக்கூடாதுன்னுதான் போடுவாங்க. ஆன்ட்டி இத்தினி நாளா சொன்னது பொய்."

"வலிக்குமா?"

"வலிக்கும். கொஞ்ச நேரம் வலிக்கும், அப்புறம் போயிடும். நீ சரின்னு சொன்னாதான் ஆரம்பிப்பேன். எந்தக் கையில போடட்டும்?"

ப்ரின்சி வெகுநேரம் யோசித்தாள். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று ஸ்டெல்லா விட்டுவிட்டாள். கடைசியில் இடது கையை அவளே நீட்டினாள். ஊசி இறங்கும்போது அழுதாள், ஆனால் கையை இழுக்கவில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள்.

"அண்ணன்கிட்டயும் இப்படித்தான் கேட்டீங்களா ஆன்ட்டி?"

ஸ்டெல்லா பஞ்சின்மேல் தன் விரலையும் வைத்து அழுத்திக்கொண்டாள். "கேக்கல கண்ணு" என்றாள். "கேட்டிருந்தா இருந்திருப்பான்."

ஆனந்த்ராஜ் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். பெஞ்சில் ஒரு தாய், துள்ளுகிற மகனை இறுக்கிப் பிடித்தபடி, "சும்மா இரு, இல்லன்னா சிஸ்டர் பெரிய ஊசி எடுத்துக்கினு வருவாங்க" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். அவன் தாண்டிப் போனவன், திரும்பி வந்து அவள் முன்னால் நின்றான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"ஊசியக் காட்டிப் புள்ளைய மெரட்டாதம்மா. நாங்க மெரட்டினோம். வைத்தியம் பாக்கற எடத்தையே எம்புள்ளைக்கு ஜெயிலாக்கிட்டோம். பயந்த புள்ள நோவ மறைக்கும். மறைச்ச நோவுக்கு யாரும் மருந்து குடுக்க முடியாது."