தலா ஆறு ஏக்கர்

1

இந்தக் கதை ஒரு தப்பான விடையிலிருந்து பிறந்தது. நல்லேப்பிள்ளியில் என் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தருகிறேன். ஒரே விதி: வீட்டுப்பாடத்துக்கு வழி காட்டுவேன், விடை சொல்ல மாட்டேன். கெஞ்சினாலும் மாட்டேன்.

(முதலில் ‘அன்று மழை பெய்துகொண்டிருந்தது’ என்று தொடங்கினேன். பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

2

ஐந்தாம் வகுப்பு தமிழ்ப்ரியா கொண்டுவந்த கணக்கு ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு விவசாயி தன் பன்னிரண்டு ஏக்கரை இரண்டு மகன்களுக்கும் இரண்டு மகள்களுக்கும் சமமாகப் பிரிக்கிறார். ஒருவருக்கு எவ்வளவு? அவள் எழுதியிருந்தது: ஆறு.*

ஆங்கிலம்தான் இடறுகிறது என்று நினைத்து வரிவரியாக அர்த்தம் கேட்டேன். சரியாகச் சொன்னாள்.

“அப்புறம் எப்படி ஆறு?”

“பசங்க ரெண்டு பேருதானுங்களே டீச்சர்?”

“பொண்ணுக?”

“அவிங்களுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சுங்களே!”

[சிரித்தேன். அடுத்த நொடி அந்தச் சிரிப்பு... வேண்டாம், இந்த வாக்கியம் பொய்.] எனக்குக் கோபம்தான் வந்தது.

* விடைக்குறிப்பில் மூன்று என்றிருக்கிறது. அதை எழுதியவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை.

3

இங்கே தாய் வர வேண்டும். கதைகளில் அழுகிற தாய்மார்களை எனக்குப் பிடிக்காது. வனிதா அழவில்லை. கணவர் இறந்தபின் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, வாடகை வீடு, இந்த ஒரே மகள். அவளைக் கூட்டிப்போக வந்தார்.

“நாளைக்கு இவ வரமாட்டாளுங்க டீச்சர். நம்ம சித்தூர் ரெஜிஸ்டர் ஆபீஸ் போறோம். எங்கப்பன் வயல்ல எனக்குப் பங்கு வேண்டாம்னு அண்ணனுக்கு எழுதிக் குடுக்கோணுமுங்க.”

“குடுக்கலைன்னா?”

“அப்புறம் அண்ணன் ஊட்டு வாசல மிதிக்க முடியாதுங்க. எனக்குன்னு வேற யாரு இருக்கறாங்க?”

தமிழ்ப்ரியா ஆறை அழித்து மூன்று என்று எழுதினாள். பிறகு அம்மாவைக் கேட்டாள்: “நமக்கு எத்தனைம்மா?”

4

முடிவு ஒன்று: வனிதா கையெழுத்துப் போட மறுக்கிறார், ஊரே கைதட்டுகிறது. (ஊர் கைதட்டாது. நீக்கம்.)

முடிவு இரண்டு: போடுகிறார், மகள் அழுகிறாள். (தமிழ்ப்ரியாவா? நீக்கம்.)

நடந்தது இவ்வளவுதான். வனிதா என் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க டீச்சர், போடட்டுங்களா?”

விடை நாக்கு நுனிவரை வந்தது. நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். “பாப்பா, கணக்கை இன்னொரு தடவை தமிழில் படி.” படித்தாள். ‘மகள்களுக்கும்’ என்ற இடத்தில் வனிதாவின் விரல் நோட்டின்மேல் வந்து நின்றது.

நாளை ஆபீஸ் திறக்கும். அவர் கையில் பேனாவைக் கொடுப்பார்கள். என் விதி உங்களுக்கும் சேர்த்துத்தான்: வழி காட்டியாயிற்று, விடையை நீங்கள் போடுங்கள். எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.