குட்பை சொல்லாத சந்திரவதனா

1

மொழியால் பிரிந்துகிடந்த மனிதகுலத்தை ஒன்றுசேர்க்கும் கருவி கடைசியில் வந்தே விட்டது. 1978இல், மெல்பர்னில், ஒரு கல்லூரியில் விளக்குமாறும் வாளியும் வைக்கும் அறையில் அது இருந்தது. வேறு அறை கிடைக்கவில்லை.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அதே மெல்பர்னில், கிளென் வேவர்லியில் ஒரு விருந்தில். கணேசலிங்கம் கொம்பியூட்டரின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சந்திரவதனா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. மீதி கற்பனை.

2

'திரையின் நீல ஒளியில் சந்திரவதனாவின் முகம்...'

(வெட்டிவிட்டேன். அந்த மெசினுக்குத் திரையே இல்லை. தட்டச்சுப்பொறி போல ஒன்று. தொலைபேசிக் கம்பியின் மறுமுனையில் எங்கோ இருக்கும் கொம்பியூட்டர் அதில் கேள்விகளை அடிக்கும்.)

மறுபடி: யாழ்ப்பாணத்தில் பல வருடம் ஆங்கிலம் படிப்பித்த சந்திரவதனாவுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று அந்த மெசின் தீர்மானிக்க வேண்டும். அது ஓமென்றால் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம். அதுவரை பிஸ்கட் தொழிற்சாலை.

3

சுவருக்குப் பின்னால் யாரோ ஒரு வெள்ளைக்காரி இருந்து தட்டுகிறாள் என்பது சந்திரவதனாவின் எண்ணம். பயிற்சிக்குப் போன ஒருநாள் சுவரில் காதை வைத்தும் பார்த்தார். தண்ணீர்க்குழாய்ச் சத்தம் கேட்டது. அதையும் அவர் நம்பவில்லை.

இறுதிச் சோதனை நன்றாகவே போனது. முடிவில் குட்பை என்று தட்டினால்தான் மெசின் அவருடைய கணக்கை மூடும். ஆள் இருக்கும்போது முகத்துக்கு நேரே போறன் என்று எப்படிச் சொல்வது? போயிட்டு வாறன் என்பதை அழகான ஆங்கிலத்தில் தட்டினார். பதில் இல்லை. மரியாதை தெரியாத சாமான் என்று நினைத்தபடி கைகழுவப் போனார். அவர் பெயரில் மெசின் திறந்தே கிடந்தது.

அடுத்த கிழமை முடிவு வந்தது: சித்தியில்லை, அதாவது தேறவில்லை.

4

"வெள்ளையன்ர மெசின். எங்கட ஆக்களை மேல வர விடுமே?" என்றார் கணேசலிங்கம்.

இந்த இடத்தில்தான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை போயிற்று. கொம்பியூட்டர் பிழைவிடாது என்று ஊரெல்லாம் சொன்னவர். சபையில் மனைவியின் ஆங்கிலத்தைத் திருத்துபவர். சோதனையன்று மனைவியை ஏற்றிப்போக வந்து, அவர் கைகழுவி வரும்வரை அந்த அறையில் தனியே நின்றவர்.

சந்திரவதனா என்னை முந்திவிட்டார்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்கு அந்தக் கதிரையில இருந்தனீங்களோ?"

"சும்மா. என்னெண்டு பாப்பமெண்டு."

"தட்டினனீங்களோ?"

"அது கேள்வி கேட்டா, மனுசன் பேசாம இருக்கிறதே?"

மெசின் கடைசியாக நடந்த சோதனையைத்தான் வைத்திருக்கும்.

5

நடந்ததைச் சொன்னால் கல்லூரி இன்னொரு சோதனை வைக்கும். ஆனால், கதிரையில் இருந்தது யார் என்றும் சொல்லவேண்டும். கல்லூரியில் சொன்னது அடுத்த விருந்துக்கு வந்துசேரும். சொல்லாவிட்டால் பிஸ்கட். மெசின் மன்னிப்புக் கேட்பதாகவும் ஒரு முடிவு எழுதினேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

அவர் சொன்னாரா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கணேசலிங்கம் எடுத்தது நூற்றுக்குப் பதினெட்டு. அன்று அந்தக் கதிரையில் அது அவருடைய இரண்டாவது முயற்சி.