கத்தாமல் ஒரு நாள்

“இன்னிக்குப் பூரா நீ என்னைப் பார்த்துக் கத்தக்கூடாது மெர்வின். ஒரு தடவை கத்தினாலும் படகை வித்துடறோம். சரியா?”

காலைத் தேநீரை நீட்டியபடி தெல்மா சொன்னாள். விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது மெர்வினுக்குப் புரிந்தது. ஓய்வு பெற்றதிலிருந்து கோடைதோறும் இந்த ஒடுக்கமான படகில்தான் இருவருக்கும் வாசம். சுக்கான் அவர் கையில். கரையில் இறங்கி, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை மேடு பள்ளம் தாண்டவைக்கும் ஒவ்வொரு லாக்கிலும் மதகைத் திருகுவதும் கதவைத் தள்ளுவதும் அவள் வேலை. “அந்த மதகு இல்ல, இந்தப் பக்கம்!” என்று அவர் போடும் சத்தம் கால்வாய் நெடுகக் கேட்கும். இந்த வருஷம் அவளுக்குத் தோள்பட்டை வலி. அதோடு பொறுமையும் தீர்ந்துபோயிருந்தது.

மெர்வினுக்கோ படகு என்றால் உயிர். தலையாட்டினார். சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு, மதகு திருகும் இரும்புக் கைப்பிடியோடு கரையில் இறங்கினார்.

முதல் கதவை முதுகு கொடுத்துத் தள்ளியதிலேயே மூச்சு வாங்கிற்று.

“என்ன தெல்மா, இவ்வளவு கனமா இருக்கு?”

“நேத்து வரைக்கும் பஞ்சாத்தான் இருந்துச்சு.”

இரண்டாவது லாக்கில் நுழையும்போது படகைச் சுவரில் இடித்தாள். உள்ளே தட்டுகள் கடகடத்தன. மெர்வின் உதட்டைக் கடித்துக்கொண்டார். கதவுக் கட்டையில் சாய்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒருவன், “என்ன சார், பல்வலியா?” என்றான்.

“இல்லப்பா. கல்யாணம்.”

மூன்றாவது லாக்கில் படகு உள்ளே வந்ததும் மேல்கதவைச் சாத்திவிட்டு, கீழ்க்கதவின் மதகுகளைத் திறந்தார். தண்ணீர் வடிய, படகும் இறங்கியது. தெல்மா கரையில் நின்ற ஒரு பெண்ணிடம் அவள் நாயைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். படகு மெல்லப் பின்னால் நகர்வதை அவள் கவனிக்கவில்லை.

மேல்கதவுக்கு அடியில் தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் எல்லையைச் சுவரில் வெள்ளைக்கோடு காட்டும். பின்பக்கம் அந்தத் திட்டில் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் வடிய வடிய முன்பக்கம் மட்டும் கீழே போய்ப் படகு மூழ்கிவிடும். பின்முனை கோட்டைத் தொட்டிருந்தது.

மெர்வினின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. பக்கத்து மதகைப் படாரென்று இறக்கினார். கதவின் மேல் பலகையில் நொண்டி நொண்டி ஓடி, எதிர்ப்பக்க மதகையும் இறக்கினார். தண்ணீர் நின்றது. மூச்சிரைக்க, பின்பக்கத்தை விரலால் காட்டினார்.

திரும்பிப் பார்த்த தெல்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்ஜினை முடுக்கிப் படகை முன்னால் நகர்த்தினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“அடப்பாவி! இதுக்குக்கூடக் கத்தமாட்டியா? வாயில என்ன பன்னா அடைச்சு வச்சிருந்த?”

வாத்துகள் பறந்தன. வேடிக்கை பார்க்கக் கூடவே நடந்து வந்திருந்த ஐஸ்கிரீம் ஆள் நேராக நின்றான்.

“நீதான கத்தக்கூடாதுன்ன.”

“படகு பெரிசா, நான் பெரிசா?”

“ரெண்டும் வேணும்னுதான் ஓடினேன் கண்ணு. இந்த முட்டியை வச்சுக்கிட்டு.”

அவர் முட்டியைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது, கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கும் சுக்கான் எனக்குத்தான்.”

“நாளைக்கா? அப்ப விக்கலையா?”

“இப்பதான ஓட்டப் பழகறேன். மதகைத் திற, கேப்டன்.”

மெர்வின் கைப்பிடியை மாட்டித் திருகினார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. கீழேயிருந்து தெல்மா, “மெதுவா! மெதுவா!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.