எட்டுத் தறியும் ஒரு முன்பல்லும்

முருகேசனுக்கு முப்பத்தினாலு வயது, எட்டு பவர்லூம், பாதி முன்பல். கத்தரி கையில் இருந்தாலும் பட்டிழையைக் கடித்தே அறுப்பான். மீதிப் பாதி அப்படிப் போனது.

பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள் பல்லை அடைத்துக்கொண்டான். ஆரணியில் பல்லடைக்கிற நீல விளக்கு வைத்திருந்த பல் டாக்டர் ஜெகநாதன் ஒருவர்தான். முருகேசனின் தறி ஷெட்டுக்கு மேல்மாடியில் வாடகைக்கு கிளினிக் வைத்திருந்தார். பசை மாதிரி ஒன்றைப் பல்லில் வைத்து விளக்கைக் காட்டினால் நாற்பது வினாடியில் கல்லாகிவிடும் என்றார். காட்டினார். கீழே எட்டுத் தறியும் தடதடத்தன.

மறுநாள் களம்பூரில், பெண் வீட்டில், முதல் பஜ்ஜிக்கே அந்தக் கல் கழன்று கேசரியில் விழுந்தது. முருகேசன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். பெண்ணின் அப்பா தசரதன் அதை முந்திரி என்று நினைத்தார்.

"சாப்புடுங்க மாப்ளே."

தட்டெடுக்க வந்த அந்தப் பெண், சாவித்திரி, அந்த முந்திரியைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் வாயைப் பார்த்தாள். அதைக் கழுவிக்கொண்டு வந்து நகத்தால் அழுத்தினாள்.

"மேல வெந்துகீது. உள்ள மாவாவே கீது. எதுல வேகவெச்சாங்க?"

"லைட்டுங்க. டாக்டர் லைட்டு."

"டாக்டராண்ட அதே கரண்ட்ல வேற இன்னா ஓடுது?"

"எங்க தறி. எட்டு!" பெருமையில் வாய் திறந்துவிட்டது. உள்ளே யாரோ சிரித்தார்கள்.

"பக்கத்து ரைஸ்மில்லு ஓடினா எங்க வூட்டு பல்பு பீடி நெருப்பாட்டம் எரியும். அதுல இன்னா வேவும்? தறிய நிறுத்திட்டுப் போட்டுகினு வாங்க. நிக்குதானு பார்த்துட்டு சொல்றேன்."

முருகேசன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே மாடி ஏறினான்.

"டாக்டர், வோல்டேஜ் கம்மியாமே?"

"தறி ஓடினா கம்மிதாங்க. மேல இறுகும், அடியில பசையாவே நின்னுடும். அதான் எல்லாரையும் தறி நிக்கற சாப்பாட்டு வேளைக்கு வரச்சொல்றது. நீங்க பதினோரு மணிக்கு வந்து ஜல்தின்னீங்க."

"அப்பவே சொல்றதுதானே?"

"வீட்டுக்காரர்கிட்ட போய் தறிய நிறுத்துன்னு எப்படிங்க சொல்றது?"

முருகேசன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான். எட்டும் நின்றன. விளக்கு அன்றுதான் விளக்கு மாதிரி எரிந்தது. சுவரெல்லாம் நீலம்.

வெள்ளிக்கிழமை மறுபடி களம்பூர். பஜ்ஜி இல்லை, கேசரி இல்லை. சாவித்திரி முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். செய்து பத்து நாளாவது இருக்கும்.

முன்பல்லால் கடித்தான். மடக்கென்று ஒரு சத்தம். தசரதன் கண்ணை மூடிக்கொண்டார். முருகேசனின் மடியில் ஏதோ விழுந்தது. அவன் கீழே பார்க்கவில்லை. நாக்கால் தடவினான். பல் இருந்தது.

"முறுக்குங்க" என்றான்.

தசரதன் உள்ளே திரும்பி வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"இருப்பா" என்றாள் சாவித்திரி. "இன்னொரு முறுக்கு கீது."