ஒரு சொல்தானே

புது சாப்ட்வேரில் மருந்தின் அளவைத் திருத்தி இரண்டு முறை சேமித்தால் அந்த அளவு இரட்டிப்பாகிவிடுகிறது. சோதித்துப் பார்க்கையில் இதைக் கண்டுபிடித்த டெஸ்டர், மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிழையைப் பதிந்து டிக்கெட் போட்டாள். 'ஐந்து மில்லி பத்து ஆகிறது. அவசரம்' என்று முகத்தில் அடித்தாற்போல் எழுதினாள். அந்த சாப்ட்வேர் போகப்போகிற ஆஸ்பத்திரியில் அவளுடைய தங்கை நர்ஸ்.

மேனேஜர் நல்லவர், அதாவது, சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவசரம்னு ஒரு டிக்கெட் இருந்தாலே ரிலீஸ் நின்னு போயிடும்மா. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேல எழுதியிருக்கேன். இந்த நேரத்துல கொஞ்சம் பதமா எழுதக் கூடாதா?"

பதமாக எழுதினாள். 'இரட்டிப்பாகிறது' என்பது 'சில வேளைகளில் மாறித் தெரிகிறது' ஆனது. மறுநாள், "மாறித் தெரியுதுன்னா கஸ்டமர் பயந்துடுவார்" என்றார். 'தெளிவாகத் தெரியவில்லை' ஆனது. அவசரம், சாதாரணம் ஆனது. ஒரு சொல்தானே என்று ஒவ்வொரு முறையும் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். விஷயத்தை, பிழையைத் திருத்தப்போகிற டெவலப்பர் காதில் போட்டுவிட்டால் போயிற்று!

வேறு ஊரில் இருந்த டெவலப்பருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"டிக்கெட்ல இருக்கறதைத்தான் நான் செய்ய முடியும். வேணும்னா புதுசா ஒண்ணு போடுங்க" என்றார் அவர்.

புதிதாகப் போட அவளுக்குக் கை வரவில்லை.

டிக்கெட்டில் இருந்ததை அவர் கச்சிதமாகச் செய்தார். அளவைக் காட்டும் எண்களைப் பெரிதாக்கி, தடிமனாக்கித் திருப்பி அனுப்பினார். சரிபார்த்தாயிற்று என்று அழுத்த வேண்டியவள் அவள்தான். டிக்கெட்டைப் படித்தாள், திரையைப் பார்த்தாள். தெளிவாகத்தான் தெரிந்தது. அழுத்தினாள். தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

வேலை நிரந்தரமானது. சாப்ட்வேர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த வாரமே தங்கை போன் செய்தாள்.

"அக்கா, உங்க சாப்ட்வேர்ல அளவு பளிச்சுன்னு தெரியுது. முன்னெல்லாம் கையெழுத்து புரியாம டாக்டரைத் தேடி ஓடுவோம். ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் ஊசி போடுவோம். இப்ப அந்தத் தொல்லையே இல்ல."



"கேளுடி. ஒவ்வொரு தடவையும் போய்க் கேளு."

"எதுக்குக்கா? அதான் நீ பார்த்து சரின்னு சொல்லியிருக்கியே."